அட்டைப்பெட்டியில் வரும் கோழி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிப் பிள்ளைகளின் மாலைச் சிற்றுண்டி பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை துரித உணவுக் கடைகளில் விற்கப்படும் பதப்படுத்திய இறைச்சியைப் பற்றியே கேட்டிருக்கின்றன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் நண்பர்களோடு சேர்ந்து கடையில் நக்கெட், பர்கர் என்று சாப்பிட்டு வருகிறான். ஒருநாள் நானே அவனை அழைத்துக்கொண்டு போய், “இந்தக் கோழி எங்கிருந்து வருகிறது, எப்போது அறுத்தது?” என்று கேட்டேன். “கம்பெனியிலிருந்து வருகிறது” என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. கேட்டதே குற்றம் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை உண்டா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உண்டு அம்மா. கடைக்காரர் முகம் சுளித்தார் என்பதற்காக அந்தக் கேள்வியைக் கேட்பதை நீங்கள் விட்டுவிடக் கூடாது.

நம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி எடுக்கப் போகிறவர் எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. தொங்குகிற ஆட்டைப் பார்க்கிறார். “தொடையில போடுங்க அண்ணாச்சி, கொழுப்பு கொஞ்சமா இருக்கட்டும்” என்று சொல்லி, தன் கண்முன்னே வெட்டி வாங்குகிறார். கோழியென்றால் கூண்டிலிருந்து எடுத்து உரிப்பது வரை நின்று பார்க்கிறார். அந்த முறையில் ஈ மொய்ப்பதும், ஒரே மரக்கட்டையில் நாள் முழுவதும் வெட்டுவதும், கழுவுகிற தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியாததுமாகச் சுகாதாரக் குறைகள் எத்தனையோ உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் வாங்குபவருக்கு மறைவாக நடப்பது அதில் குறைவு. துரித உணவுக் கடைக்கு வருகிற கோழியோ ஏதோ ஓர் ஊரில் அறுக்கப்பட்டு, ஆலையில் அரைக்கப்பட்டு, மாவு பூசி உறைய வைக்கப்பட்டு, குளிர்வண்டியில் பயணம் செய்து, ஏஜென்சிக் கிடங்கில் தங்கி, அதன் பிறகே கடையின் பின்கட்டிலுள்ள ஃபிரீசருக்கு வந்து சேர்கிறது. இந்தப் பாதையில் எந்த இடமும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணால் பார்க்க முடியாததை எழுத்தில் தெரிந்துகொள்வதற்காகவே சட்டம் லேபிளைக் கட்டாயமாக்கியது. பொட்டலத்தில் அடைத்து விற்கும் இறைச்சிப் பொருள் எதுவானாலும், அதில் சேர்ந்தவை எடையில் அதிகமானது முதலில் வரும் வரிசையில் எழுதப்பட வேண்டும்; தயாரித்தவர் பெயரும் முகவரியும், ஒரே தடவையில் தயாரானவற்றைக் குறிக்கும் பேட்ச் எண்ணும், தயாரித்த தேதியும், எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும், எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்பதும், பழுப்பு நிறக் கட்டத்துக்குள் முக்கோணமாக அசைவக் குறியும் இருக்க வேண்டும். வண்ணாரப்பேட்டையில் ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் உறைந்த நக்கெட் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இவை அனைத்தும் அச்சாகியிருக்கும்.

அதே பொட்டலத்தை ஒரு கடைக்காரர் வாங்கி, பிரித்து, எண்ணெயில் போட்டெடுத்து, தட்டில் வைத்து உங்கள் மகனிடம் நீட்டும்போது அந்த எழுத்துகளில் ஒன்றுகூட அவனிடம் வந்து சேர்வதில்லை. பொருள் ஒன்றே, உண்பவரும் அவரே. ஆனால் வீட்டில் பொரித்தால் தெரிகிற விவரம் கடையில் பொரித்தால் குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. இந்தத் துறையில் ஒளிவுமறைவு என்று நாம் குறைப்படுவதில் பெரும்பகுதி இந்த ஓரிடத்தில்தான் நடக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பெரிய சங்கிலிக் கடைகள் ஓரளவு சொல்லியாக வேண்டும்: 2020-ஆம் ஆண்டின் லேபிள் மற்றும் காட்சிப்படுத்தல் விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்றவையும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவையும் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே கலோரி அளவை மெனுவில் எழுத வேண்டும், ஒவ்வாமை தரும் பொருள்களையும் தெரிவிக்க வேண்டும். கலோரியைச் சொல்வது நல்லதுதான். ஆனால் இறைச்சி எந்த ஆலையில் எந்தத் தேதியில் அடைக்கப்பட்டது என்று அந்த மெனு சொல்லாது. நம் ஊர்ச் சாலையோரங்களில் நிறைந்திருக்கும் ஒற்றைக் கடைகளுக்கு அந்தக் கலோரிக் கட்டாயமும் இல்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியைச் சற்று மாற்றிக் கேளுங்கள். “எங்கிருந்து வருகிறது?” என்றால் “கம்பெனி” என்று சொல்லித் தப்பிக்கலாம். “நீங்கள் பிரித்த பொட்டலத்தை ஒருமுறை காட்டுங்கள், தேதியை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்” என்று கேளுங்கள். ஒழுங்காக வாங்கி ஒழுங்காக வைத்திருக்கும் கடைக்காரருக்கு அது அரை நிமிட வேலை. காட்ட மறுப்பவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆனால் மறுத்தவரிடம் பிள்ளைக்கு வாங்கித்தர வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை.

இன்னொன்று: உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் கீழ் ஒவ்வொரு கடைக்கும் 14 இலக்க எண் ஒன்று உண்டு. கண்ணில் படும் இடத்தில் அந்தச் சான்று மாட்டப்பட்டிருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அந்த எண் அச்சிடப்பட வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் அந்த எண்ணை இட்டால் அது யாருடையது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். பில்லே தராத கடைகளைப் பற்றி நான் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: நக்கெட் என்பது கோழியின் கழிவைக் கூழாக்கிச் செய்வது என்று என் பேரன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். ஆலையில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: ஐயா, அந்தக் காணொளிகளில் பாதி மெய்யும் பாதி மிரட்டலும் கலந்திருக்கும், இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோழித் துறைப் பேராசிரியராக இருந்த ராபர்ட் பேக்கர், 1963-இல் தம் குழுவினரோடு சேர்ந்து, அரைத்த கோழிக்கறியைத் தோலின்றிக் கட்டுக்கோப்பாக நிறுத்தி, மாவுப் பூச்சு உதிராமல் உறைய வைக்கும் வழியைக் கண்டு வெளியிட்டார். இன்றைய நக்கெட்டின் மூலம் அதுதான். நல்ல ஆலையில் எலும்பு நீக்கிய மார்புக்கறியையோ தொடைக்கறியையோ அரைத்து, உப்பும் தண்ணீரும் சிறிதளவு பாஸ்பேட் உப்பும் சேர்த்துப் பிசைவார்கள். உப்பு தசையிலுள்ள புரதத்தைக் கசிய வைக்கும். அந்தப் புரதமே துண்டுகளை ஒட்டிப் பிடிக்கிறது. பாஸ்பேட் தண்ணீரைக் கறிக்குள் தேக்கி வைக்கிறது. பிறகு வடிவம் கொடுத்து, மாவில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி, பூச்சு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு லேசாகப் பொரித்து, உடனே உறைய வைத்துவிடுவார்கள். இதில் அருவருப்படைய ஒன்றுமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கறியை வெட்டியெடுத்த பிறகு எலும்பில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை, அந்த எலும்போடு சேர்த்து இயந்திரத்தில் கொடுத்து அழுத்தினால், சல்லடை வழியாகக் கூழ் போன்ற ஒரு பொருள் வெளிவரும். அதில் தசை குறைவு. கொழுப்பும் மஜ்ஜையும் எலும்பின் நுண்துகளும் கூடுதல். அது நஞ்சில்லை, ஆனால் கறியின் விலைக்குக் கொடுக்கத் தக்கதும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைக் கறியின் அளவோடு சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது, தனியாகப் பெயர் சொல்லியே எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், இரண்டு சங்கிலிக் கடைகளில் வாங்கிய நக்கெட்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். ஒன்றில் தசை ஏறக்குறையப் பாதி, மற்றொன்றில் அதற்கும் குறைவு; மிச்சமெல்லாம் கொழுப்பு, இரத்தக் குழாய், நரம்பு, எலும்புத் துணுக்கு. இரண்டே மாதிரிகள் என்பதால் இதை வைத்து உலகத்து நக்கெட் எல்லாவற்றையும் எடைபோட முடியாது. ஆனால் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு நக்கெட்டுகளுக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கக்கூடும் என்பதற்கு அது போதுமான சான்று.

அதனால் பேரனுக்கு வேறொரு பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தில் கோழிக்கறி எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறது, முதலில் வருவது கறியா, தண்ணீரா, மாவா, சோயாப் புரதமா என்று அவனையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தயாரிப்புகளை ஒப்பிட்டுப் படித்தால் விலைக்குத் தக்க பொருள் எது என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊரில் வாராவாரம் செவ்வாய்க்கிழமை சந்தையில் ஆட்டைப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் பர்கருக்குள் இருக்கும் கறி எந்த உயிரினத்துடையது, ஹலாலா என்பதை எப்படி நம்புவது? பூனை, நாய் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது.
— கல்லூரி மாணவர், மேலப்பாளையம்

பதில்: தம்பி, அரைத்த கறியைக் கண்ணாலோ நாக்காலோ அடையாளம் காண்பது மிகக் கடினம். மரபணுச் சோதனையால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிச் சோதித்தபோது, மாட்டுக்கறி பர்கர் என்று பெரிய கடைகளில் விற்ற பொருள்களில் குதிரை இறைச்சி இருந்தது தெரியவந்தது. ஒரு மாதிரியில் இறைச்சியில் 29 சதவீதம் குதிரையுடையது. பிறகு அது ஐரோப்பா முழுவதும் பரவிய ஊழல் என்று வெளிப்பட்டது. கறி பல நாட்டு இடைத்தரகர்களின் கைமாறி வந்ததால், கடைசியில் விற்ற நிறுவனங்களுக்கே தாம் விற்றது என்னவென்று தெரிந்திருக்கவில்லை. சட்டமும் ஆய்வுக்கூடமும் பலமாக உள்ள நாடுகளில் இது நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

நம் மாநிலத்தில் நடந்தது நேர்மாறானது. 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில், ராஜஸ்தானிலிருந்து வந்த இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சி பிடிபட்டது. நாய்க்கறி என்ற செய்தி ஒரே நாளில் தமிழ்நாடு முழுவதும் பரவி, பிரியாணிக் கடைகளில் கூட்டமே குறைந்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது அது ஆட்டிறைச்சி என்று தெரிந்தது. ஆனால் அத்தனை தொலைவு எந்த நிலையில், எந்த ஆவணத்தோடு அது வந்தது என்ற கேள்வியைப் பிறகு பேசியவர்கள் மிகச் சிலரே. உண்மையில் நம்மை நோயாளியாக்கக் கூடியது அந்த இரண்டாவது விஷயம். வதந்தி செய்கிற பெரிய கெடுதி இதுதான்: இல்லாத நாயைத் தேடி ஓடும்போது, இருக்கிற கெட்டுப்போன ஆட்டுக்கறி நம் பார்வையிலிருந்து தப்பிவிடுகிறது.

ஹலால் பற்றி: வாசலில் உள்ள பலகை கடைக்காரரின் சொல், ஆலைக்குச் சான்றளித்த அமைப்பின் முத்திரை பொட்டலத்தின்மேல் இருக்கும். ஆகவே முதல் பதிலில் சொன்னபடி நீங்களும் பொட்டலத்தைத்தான் கேட்க வேண்டும். கோழி, ஆடு இரண்டையும் ஒரே எண்ணெயில் பொரிக்கிறார்களா, வேறு இறைச்சியும் அங்கே சமைக்கப்படுகிறதா என்பதையும் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த என் கணவர், அங்கே தினமும் ஷவர்மா சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்கிறார். இங்கே மட்டும் ஏன் இத்தனை செய்திகள்? பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா?
— வாசகி, கடையநல்லூர்

பதில்: ஷவர்மா ஆபத்தான பண்டமில்லை, அதை அவசரத்திலும் அலட்சியத்திலும் செய்வதுதான் ஆபத்து. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஷிகெல்லா என்ற கிருமி கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி ஒருவர் இறந்தார். இரண்டு வீடுகளிலும் பெற்றோர் எந்தத் தவறும் செய்யவில்லை. பிள்ளை ஆசைப்பட்டதை வாங்கித் தருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதற்கு ஓர் உயிர் விலையாகக் கூடாது என்று கேட்பது மிகையான கோரிக்கையா?

கம்பியில் குத்தி அடுக்கிய கறியில் நெருப்பைப் பார்க்கிற மேற்பரப்பு மட்டுமே வேகிறது. உட்புறம் பச்சையாகவே இருக்கும். வெந்ததை மட்டும் சீவி எடுத்து, அடுத்த அடுக்கு வேகும்வரை காத்திருக்க வேண்டும். கூட்டம் நெருக்கும்போது காத்திருக்காமல் ஆழமாகச் சீவிவிடுகிறார்கள். கூட்டமில்லாத நேரத்திலோ நெருப்பைக் குறைத்துவிடுகிறார்கள். உட்பகுதி வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நிற்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். கறியின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டால் கிருமி சாகும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் அதற்கு முன்பே விட்டுச்சென்ற நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. இரவு மீந்த கறியை மறுநாள் புதுக்கறியோடு சேர்த்து அடுக்குவது கொடிய செயல் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஷவர்மாவில் தடவும் மயோனைஸ் இன்னொரு கவலை. பச்சை முட்டையில் அடிக்கப்படுவதால் சால்மொனெல்லா கிருமி அதில் எளிதாகத் தங்கும். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. கேரளம் 2023-லேயே தடுத்திருந்தது. முட்டையில்லாத மயோனைஸானாலும் வெயிலில் திறந்த டப்பாவில் வைத்தால் கெட்டுப்போகும். நம் சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. குளிர்சாதனமும் நகராட்சிச் சோதனையும் கடுமையாக உள்ள இடத்தில் அதே பண்டம் பாதுகாப்பாக இருக்க முடியும். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளத்தில், பார்சல் ஷவர்மாவில் தயாரித்த நேரத்தை எழுதி ஒட்ட வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்று குறிப்பிட வேண்டும் என்று 2022-இல் விதி செய்தார்கள். அந்தச் சிறு சீட்டு எனக்கு மிகவும் பிடித்தமானது. செலவில்லாத, யாருக்கும் புரிகிற வெளிப்படைத்தன்மை அது. நம் கடைகளும் விதிக்காகக் காத்திராமல் செய்யலாம்.

வாங்கித் தருவதானால் கடையிலேயே, சூடாக, கறி நன்கு சிவந்து வெந்திருப்பதைப் பார்த்து, மயோனைஸ் இல்லாமல் வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இரவு பத்து மணிக்குச் சாப்பிடுவதற்காக மாலையிலேயே வாங்கி வைக்காதீர்கள்.

கேள்வி: பதப்படுத்திய இறைச்சி புகையிலைக்குச் சமம், புற்றுநோய் தரும் என்கிறார்களே?
— வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது உண்மை. புகையிலையும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு, சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் காட்டவில்லை. தினமும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் தந்த மதிப்பீடு. நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்நோய் வரும் ஓர் ஊர் இருப்பதாக வைத்துக்கொண்டால், அங்கே எல்லோரும் தினமும் உண்டால் அது ஏறக்குறைய ஆறு பேராகும்.

இது குறிப்பாகச் சாசேஜ், சலாமி, ஹாம் போன்று உப்பும் நைட்ரைட்டும் இட்டோ புகையூட்டியோ வைக்கும் இறைச்சிக்குப் பொருந்தும். லேபிளில் 250 என்ற எண்ணோடு இருக்கும் சேர்க்கை சோடியம் நைட்ரைட். இளஞ்சிவப்பு நிறம் அதனால் வருவது. நம் வீடுகளில் வெயிலில் காயவைக்கும் உப்புக்கண்டமும் இந்த விளக்கத்துக்குள் வரக்கூடியதே. வருடத்துக்குச் சில வேளை உண்பதால் அஞ்ச வேண்டியதில்லை. காலைதோறும் பிள்ளையின் டிபன் டப்பாவில் சாசேஜ் வைப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

கேள்வி: பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே?
— வாசகி, சங்கரன்கோவில்

பதில்: இல்லை. ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தனித்தனியே ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டாது. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனமும் செறிவான தீவனமுமே அந்த வளர்ச்சிக்குக் காரணம். கவலைப்பட வேண்டியது ஆன்ட்டிபயாட்டிக் மருந்துகளைப் பற்றி. மனிதர்களுக்கு வேறு மருந்து பலிக்காதபோது கடைசியாகத் தரப்படும் கொலிஸ்டினை, கோழி வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலந்துவந்தார்கள். உணவுக்கான விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது.

கேள்வி: நான் சிறிய துரித உணவுக் கடை நடத்துகிறேன். எங்களைக் குற்றவாளி போலவே எல்லோரும் எழுதுகிறீர்கள். ஏஜென்சி கொடுப்பதை வாங்கி விற்கிறோம். மின்வெட்டு எங்கள் கையில் இல்லை. நேர்மையாக நடத்த நினைப்பவன் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், வள்ளியூர்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது அண்ணாச்சி. கடன் வாங்கிக் கடை போட்டு, அடுப்பு வெக்கையில் நின்று பிழைக்கிறவரைக் கரித்துக்கொட்டுவது என் நோக்கமில்லை. மேலே உள்ள கேள்விகளைக் கேட்டவர்கள் உங்கள் கடைக்கு வரக்கூடியவர்கள். அவர்கள் தேடுகிற பதிலைத் தரக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

ஏஜென்சி வண்டி வந்ததும் பெட்டியைத் தொட்டு வாங்குங்கள். உறைந்த பொருள் கல்போல் இருக்க வேண்டும்; பொட்டலத்துக்குள் பனிக்கட்டி கட்டிகட்டியாக இருந்தாலோ, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகியிருந்தாலோ அது வழியில் உருகி மறுபடி உறைந்தது என்று பொருள். அதைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு. பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். நாளை ஒரு பிரச்சினை என்று வந்தால், குற்றம் ஆலையிலா, ஏஜென்சியிலா, உங்களிடமா என்று காட்டப்போவது அந்த பில்லும் பேட்ச் எண்ணும்தான். ஃபிரீசர் கழித்தல் 18 டிகிரியில் நிற்க வேண்டும்; உள்ளே ஒரு சிறு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃபிரீசர் திறக்காமல் இருந்தால் சுமார் இரண்டு நாள் வரையும், பாதி நிறைந்தது ஒரு நாள் வரையும் குளிரைக் காக்கும். இரவில் மின்கட்டணத்துக்காக ஃபிரீசரை அணைத்துவிட்டுக் காலையில் போடும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அதைச் செய்கிறவரை மன்னிக்க என்னால் முடியாது. உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

எண்ணெய்க்கும் அளவு உண்டு. மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய் சிதைவதால் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். கருத்து, நுரைத்து, புகைகிற எண்ணெயைக் கருவி இல்லாமலே அடையாளம் காணலாம்.

இவற்றோடு ஒரு வேண்டுகோள். அன்றைக்குப் பிரித்த பொட்டலத்தின் லேபிளைக் கத்தரித்துக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். எந்தச் சட்டமும் உங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பாளையங்கோட்டை அம்மையார் கேட்ட கேள்விக்கு, அவர் கேட்காமலே அங்கே பதில் இருக்கும். அருகிலுள்ள கடைக்காரர் ஒட்டாதபோது நீங்கள் ஒட்டியிருப்பது, எந்த விளம்பரத்தையும்விட உங்கள் கடைக்குக் கூட்டம் சேர்க்கும் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: குற்றாலத்துக்கு வந்த உறவினர்கள் ஒரு கடையில் வறுத்த கோழி சாப்பிட்டுவிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டார்கள். கடைக்காரர் “எங்கள் உணவால் இல்லை” என்கிறார். எங்கே முறையிடுவது?
— வாசகர், தென்காசி

பதில்: முதலில் மருத்துவரிடம் காட்டி, உணவினால் வந்த கோளாறு என்ற ஐயத்தைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைசியாக உண்டதே காரணம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம், எப்போதும் அப்படியில்லை. ஸ்டாஃபைலோகாக்கஸ் நச்சு சில மணி நேரத்தில் வாந்தியை உண்டாக்கும். சால்மொனெல்லா அரை நாள் முதல் மூன்று நாள் வரை எடுக்கலாம். ஷிகெல்லா பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும். ஆகவே முந்தைய மூன்று நாளில் யார் யார் எங்கே என்ன உண்டார்கள் என்று எழுதி வையுங்கள். ஒரே பண்டத்தை உண்டவர்கள் மட்டும் நோயுற்றிருந்தால் அது வலுவான சான்று. மீந்த உணவு இருந்தால் தூக்கியெறியாமல் சுத்தமான உறையில் மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, உண்ண வேண்டாம் என்று எழுதி ஒட்டுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில், கடையின் பெயர், இடம், நாள், படம் ஆகியவற்றோடு புகார் அனுப்பலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் கட்டணமில்லா எண் 1800 112 100. மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பான நியமன அலுவலரிடம் எழுத்து மூலமாகவும் கொடுக்கலாம். எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுவதையே நான் பரிந்துரைப்பேன். அலுவலர்கள் எடுக்கும் மாதிரியைச் சோதிக்கும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. உணவினால் பாதிக்கப்பட்டது உறுதியானால் இழப்பீட்டுக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவில் வழி உண்டு; உயிரிழப்புக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கடுமையான பாதிப்புக்கு மூன்று லட்சம் வரையும், மற்றப் பாதிப்புகளுக்கு ஒரு லட்சம் வரையும் வழங்கலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு பிரிவும் இருக்கிறது. 40-ஆம் பிரிவின்படி, அலுவலருக்காகக் காத்திராமல், உணவை வாங்கியவரே கட்டணம் செலுத்தி அதைப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். ஆகவே உறவினர்கள் உண்டு முடித்த கோழிக்கு இந்தப் பிரிவு உதவாது; அதே கடையில் இன்னும் அதே பண்டம் விற்கப்படுகிறது என்றால், அதை வாங்கும்போது இந்தப் பிரிவைச் சொல்லி வாங்கலாம்.